மாதிரிக் கடிதம்

அண்ணா, உங்ககிட்ட பேனா இருக்குதா? இப்ப வேணாம், கொஞ்ச நேரம் கழிச்சு. நான் கேக்கும்போது கொடுத்தா போதும். என் பாக்கெட்டைப் பாக்குறீங்க. ஆமா, பேனாதான். எழுதும், நல்லாவே எழுதும். ஆனா இதால எழுத வேணாம்னு பாக்குறேன். அதை விடுங்க.

உங்க டோக்கன் என்ன, முப்பத்தாறா? நான் முப்பத்தொன்பது. இப்ப இருபத்திரெண்டுதான் ஓடுது. நடுவுல டீ குடிக்க எழுந்து போவாங்க, அவசரமே இல்ல. எனக்கு இந்த இ.எஸ்.ஐ. ஆபீசு பழக்கம்தான். பதினெட்டு வருஷமா மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்திருக்கேன். ஆனா கம்பெனி ஆளா வந்தா நேரா உள்ள போயிடலாம், நாற்காலி போடுவாங்க, "வாங்க தணிகாசலம்"னுவாங்க. இந்த பெஞ்சு ஒரு பக்கம் ஆடும்னு எனக்கு இத்தன வருஷமா தெரியாது.

கையில என்ன கட்டு? பிரஸ் மெஷினா. விரல் எல்லாம் இருக்குதில்ல? இருக்குதுன்னா சரி. உங்களோடது சீக்கிரம் முடிஞ்சுடும். அடிபட்டது அடிபட்டதுதான், கட்டைப் பாத்தாலே தெரியும். என்னோடது அப்படி இல்ல. வேலை போச்சுன்னு சொன்னா, போச்சா இல்ல நீயா விட்டியான்னு கேப்பாங்க.

நான் ஷூ கம்பெனியில டைம் ஆபீஸ் கிளார்க். யாரு எத்தன மணிக்கு உள்ள வந்தாங்க, யாரு லீவு, யாருக்கு ஓ.டி., எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஸ்டிச்சிங் லைன்ல முழுக்கப் பொம்பளைங்க. பாவம், அதுங்களுக்குத் தையல் வரும், லெட்டர் எழுத வராது. லீவு வேணும்னா என் ஜன்னல்ல வந்து நிப்பாங்க. "டைம் ஆபீஸ் சார், நாளைக்கு வர முடியாது, ஏதாவது எழுதிக்கோங்க"ன்னுவாங்க. நான் எழுதுவேன். என் கையெழுத்து நல்லா இருக்கும்ணா, இது பெருமைக்குச் சொல்லல, எல்லாரும் சொல்றதுதான். காய்ச்சல், வயித்துப்போக்கு, நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து, பெரியப்பா சாவு. அதுலயும் ஒரு கணக்கு இருக்குது. ஒருத்திக்குப் போன மாசம் பெரியப்பா செத்திருந்தா இந்த மாசம் திரும்ப அவரைக் கொல்ல முடியாது. எல்லாம் ஞாபகம் வச்சுக்கணும். நான் எழுதி நீட்டுவேன், அதுங்க கீழ கையெழுத்து போடும். ஒருத்தி கூடப் படிச்சுப் பாத்ததில்ல. அவ்ளோ நம்பிக்கை.

போன ஆடி மாசம் வெளிநாட்டு ஆர்டர் நின்னு போச்சு. ரெண்டாவது லைனை மூடணும்னு பேச்சு வந்துச்சு. எங்க எச்.ஆர். மேனேஜர் புருஷோத்தமன் சார் என்னை உள்ள கூப்பிட்டாரு. ரொம்ப தன்மையான மனுஷன். யாரையும் வாடா போடான்னு பேசி நான் பாத்ததில்ல. "உக்காருங்க தணிகாசலம்"னாரு. என்னை உக்காரச் சொல்லிப் பேசின ஒரே மேனேஜர் அவருதான். "நாப்பத்தொரு பேரும் ரிசைன் லெட்டர் கொடுத்துட்டா கம்பெனிக்குப் பிரச்சனை இல்லாம முடிஞ்சுடும். மூணு மாசத்துல புது யூனிட் வருது, அப்ப எல்லாரையும் எடுத்துக்கலாம். நான் சொன்னா பயப்படுவாங்க. நீங்க எழுதினா நம்புவாங்க"ன்னாரு.

அவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் எனக்குத் தெரியல. இப்பவும் சொல்றேன், மூணு மாசம்னுதானே சொன்னாரு.

கான்டீன்ல மேஜை போட்டு உக்காந்தேன். என் பேனா ரெண்டு லெட்டர்லயே தீர்ந்து போச்சு. புருஷோத்தமன் சார் தன் பாக்கெட்ல இருந்து இதை எடுத்துக் கொடுத்தாரு. கனமா இருக்கும், பிடிச்சுப் பாருங்க. சாயந்திரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்குங்க தணிகாசலம், உங்க கைக்குத்தான் பொருத்தம்"னாரு. இந்தக் காலத்துல யாரு அப்படிக் கொடுப்பாங்க?

பொம்பளைங்க எல்லாம் வரிசையில நின்னாங்க. ஆனா முதல்ல கொஞ்சம் தயங்கினாங்க. அம்சவேணின்னு ஒரு பொண்ணு, பொண்ணுன்னா நாப்பது வயசு இருக்கும், லைன்ல அதுதான் முன்னாடி நிக்கும், அதைப் பாத்துத்தான் மத்தவங்க செய்வாங்க. "இது என்னா சார் லெட்டரு?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், லீவு லெட்டர் மாதிரிதாம்மா, கொஞ்சம் நீளமான லீவுன்னேன். புருஷோத்தமன் சார் என் காதுகிட்ட குனிஞ்சு, "உங்களோடது ஒண்ணு எழுதி மேல வைங்க, ஒரு மாதிரிக்கு. அவங்களுக்குத் தைரியம் வரும். அப்புறம் அதைக் கிழிச்சுப் போட்டுடலாம்"னாரு. நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. எழுதி, கையெழுத்து போட்டு, எல்லாரும் பாக்குற மாதிரி மேல வச்சேன். "சாரே எழுதிட்டாரு"ன்னு பின்னாடி ஒருத்தி சொன்னது கேட்டுச்சு. அதுக்கப்புறம் வரிசை ஓடுச்சு.

ஒரு விஷயம் சொல்லணும்ணா. நாப்பத்தொண்ணும் நாப்பத்தொரு விதமா எழுதினேன். எல்லாருக்கும் ஒரே காரணம் போட்டா நல்லா இருக்காதில்ல, யாராவது பாத்தா காப்பி அடிச்ச மாதிரி இருக்கும். ஒருத்திக்கு மாமியாரைப் பாத்துக்கணும். ஒருத்திக்குப் பொண்ணு கல்யாணம். கஜலட்சுமிக்குக் கண்ணு மங்கலா தெரியுது, ஊசி கோக்க முடியல. அதுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது. அம்சவேணிக்கு, கணவருக்கு உடல்நிலை சரியில்லன்னு எழுதினேன். அவ புருஷன் தனபாலு, மண்டியில மூட்டை தூக்குற ஆளு, தூணு மாதிரி இருப்பான். சும்மா எழுதினேன். எனக்கு நானே சொந்த ஊரில் விவசாயம் பார்க்கன்னு எழுதிக்கிட்டேன். எங்களுக்கு ஊர்லயும் நெலம் இல்ல, வேற எங்கயும் இல்ல. கிழிக்கப் போற லெட்டர்தானே, கொஞ்சம் அழகா இருக்கட்டும்னு.

கடைசி வரி மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணுதான். "எனது சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்." அது புருஷோத்தமன் சார் சொல்லிக் கொடுத்தது இல்ல. நானா சேர்த்தேன். ஒரு லெட்டர்னா முடிவு நல்லா நிக்கணும். அவரு படிச்சுட்டு, "பிரமாதம்"னாரு.

மறுநாள் கம்ப்யூட்டர்ல எல்லாரையும் ஏத்தினேன். வேலையை விட்ட காரணம்னு ஒரு கட்டம் வரும். தானாக விலகினார், தானாக விலகினார்னு நாப்பத்தொரு தடவை அமுக்கினேன். பத்து நாள் கழிச்சு புருஷோத்தமன் சார் என்னைக் கூப்பிட்டு, "உங்களோடதையும் ஏத்திடுங்க தணிகாசலம், ஹெட் ஆபீஸ்ல பாத்துட்டாங்க, தப்பா நெனைக்காதீங்க, புது யூனிட்ல முதல் ஆளு நீங்கதான்"னாரு. நாப்பத்திரெண்டாவதா என் பேரையும் நானே அமுக்கினேன். அமுக்கிட்டு மேஜையைத் துடைச்சு, சாவியை செக்யூரிட்டிகிட்ட கொடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். அழுகை கிழுகை ஒண்ணும் வரல. பஸ்ல சீட்டு கிடைச்சுச்சு, அதுதான் ஞாபகம் இருக்குது.

அதுக்கப்புறம் என்ன. அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடும். ஷேவ் பண்ணுவேன். பண்ணிட்டு உக்காந்திருப்பேன். டி.வி. ஓடும், என்ன ஓடுதுன்னு தெரியாது. ஒருநாள் என் சம்சாரம் விசாலாட்சி தட்டைப் பாத்துட்டு, "குழம்புல உப்பே போட மறந்துட்டேன், நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டீங்களே"ன்னா. எனக்கு உப்பு இருக்குதா இல்லையான்னே தெரியல. கோவம் வரல, துக்கம் வரல. டாக்டர்கிட்ட போலாமான்னு அவ கேட்டா. என்னான்னு சொல்லிக் காட்டுறது?

இதுக்கு நடுவுல என் மச்சான் ஃபோன் பண்றான். "மாமா, நெலம் வாங்கி விவசாயம் பண்றீங்களாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல"ன்னு. கம்பெனியில இருந்து எப்படியோ வெளிய வந்திருக்குது. பக்கத்துல கேட்டுட்டிருந்த விசாலாட்சி என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "நமக்கு நெலம் எங்க இருக்குது?"ன்னு கேட்டா. தொட்டியில கறிவேப்பிலைச் செடி இருக்குது, அதுக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டேன்.

புருஷோத்தமன் சாருக்கு ஃபோன் பண்ணாம இல்ல. பண்ணிட்டுத்தான் இருக்கேன். ரிங் போவுது. எடுக்க முடியல போல. கட் பண்ணல பாருங்க, அதுவே ஒரு மரியாதைதான். புது யூனிட் வேலையா அலைஞ்சிட்டு இருப்பாரு. நான் ஃபோனை எப்பவும் சார்ஜ்ல வச்சிருக்கேன், குளிக்கப் போனாக்கூட வாசல்லயே வச்சுட்டுப் போவேன்.

அம்சவேணி போன மாசம் வீட்டுக்கு வந்துச்சு. நான்தான் கதவைத் திறந்தேன். தனபாலுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சாம். மூட்டையோட கீழ விழுந்தவன் எழுந்திருக்கல. எனக்கு உடனே அந்த லெட்டர் ஞாபகம் வந்துச்சு. அண்ணா, நான் எழுதினதால வருமா? வராது. அது தற்செயல்தான். பிரஷர் இருந்திருக்கும், பாத்திருக்க மாட்டான். அம்சவேணி அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும். "சார், வேலை போனவங்களுக்கு இ.எஸ்.ஐ.ல மூணு மாசத்துக்கு ஏதோ உதவிப் பணம் தராங்களாமே, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், எழுதிக் கொடுங்க"ன்னுதான் கேட்டுச்சு.

தெரியும். பதினெட்டு வருஷம் டைம் ஆபீஸ்ல இருந்தவனுக்குத் தெரியாதா. தானா விட்டுட்டுப் போனவங்களுக்கு அது கிடையாதுன்னும் தெரியும். அதைச் சொல்லாம, சரிம்மா, போய்க் கேக்கலாம்னேன்.

இங்க வந்தோம். உள்ள இருக்கிற அம்மா நல்லவங்க. கம்பெனி அனுப்பி வச்ச எங்க ஃபைலை எடுத்துப் பாத்தாங்க. என் லெட்டர்தான் முதல்ல இருந்துச்சு. "விவசாயம் பண்ணப் போனவர் இங்க எதுக்கு வந்தீங்க? எந்த ஊரு, என்ன பயிரு?"ன்னு கேட்டாங்க. கிண்டலா கேக்கல, நிஜமாவே கேட்டாங்க. நான் கறிவேப்பிலைன்னு சொல்லியிருப்பேன், அம்சவேணி பக்கத்துல நின்னுச்சு, விட்டுட்டேன். அப்புறம் அந்தம்மா ஒவ்வொரு லெட்டரா புரட்டினாங்க. கடைசி வரியில விரல் வச்சாங்க. "எல்லாத்துலயும் இந்த வரி இருக்குதே. இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண முடியும்? யாரு எழுதினது இதை?"ன்னாங்க.

அம்சவேணி என்னைப் பாக்கவே இல்ல. தரையைப் பாத்துக்கிட்டு, "எங்களுக்கு எழுத வராதும்மா"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அந்தம்மாதான் வழி சொன்னாங்க. எல்லாரும் சேர்ந்து ஒரு மனு கொடுங்க. பேரு, நம்பர், லெட்டர் எழுதின தேதி, உங்களை எழுத வச்சது யாரு, கையெழுத்து. அப்படிக் கட்டம் போட்டு ஒவ்வொருத்தரும் நிரப்பிக் கொடுங்க, விசாரணைக்கு அனுப்பறேன், அதுக்கு மேல என் கையில இல்லன்னாங்க. இதோ, இதுதான் அது. பாருங்க, கோடு எல்லாம் ஸ்கேல் வச்சுப் போட்டது.

மனுவையும் நான்தான் எழுதினேன். அம்சவேணி வீட்டுல பத்துப் பதினஞ்சு பேரு உக்காந்தாங்க, தனபாலு உள்ள கட்டில்ல. அவங்க ஒரு தாள்ல ஏதோ எழுதி வச்சிருந்தாங்க, கோணல் மாணலா. அம்சவேணி, "உங்க கையெழுத்துல இருந்தா நல்லா இருக்கும் சார்"னுச்சு. வாங்கிப் படிச்சேன். "டைம் ஆபீசு தணிகாசலம் எங்களை ஏமாத்தி"ன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. என் முன்னாடியேதான். யாரும் சங்கடப்படல. நானும் படல. ஏமாத்தின்னு வேணாம், தவறான தகவல் அளித்துன்னு போட்டா ஆபீசுல எடுப்பா இருக்கும்னு சொன்னேன். சரின்னாங்க. அழகா எழுதிக் கொடுத்தேன். கஜலட்சுமி டீ போட்டுக் கொடுத்துச்சு.

நாப்பத்தொரு பேரும் நிரப்பிட்டாங்க. நாலாவது கட்டத்தைப் பாருங்க. தணிகாசலம், தணிகாசலம், தணிகாசலம், மேல இருந்து கீழ வரைக்கும். எழுத வராதவங்க ரெண்டு பேருக்கு அம்சவேணியே எழுதியிருக்குது. கடைசியா இந்த நாப்பத்திரெண்டாவது வரிசை. அது எனக்கு. "நீங்களும் வேலை போனவருதானே சார், உங்க பேரும் இருக்கட்டும்"னுச்சு. வேற யாராவதா இருந்தா என்னை வாசப்படி ஏத்தியிருக்க மாட்டாங்கண்ணா.

பேரு போட்டுட்டேன். நம்பர் போட்டுட்டேன். தேதி போட்டுட்டேன். எழுத வச்சது யாருங்கிற கட்டம் மட்டும் நாலு நாளா காலியா இருக்குது. முந்தாநாள் கொண்டு வந்து காட்டினதுக்கு அந்தம்மா திருப்பிக் கொடுத்துட்டாங்க. "நாப்பத்தொரு பேரும் உங்களைக் கை காட்டுறாங்க. நீங்க யாரையும் காட்டலன்னா, அந்த கிளார்க் தானா பண்ணதுன்னு கம்பெனி ஒரே வார்த்தையில முடிச்சுடும். இவங்க யாருக்கும் ஒண்ணும் வராது. நிரப்பிட்டு வாங்க"ன்னாங்க.

யாரு பேரை எழுதணும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அதை எழுதிட்டா புது யூனிட்டுக்கு அவரு என்னை எப்படிக் கூப்பிடுவாரு? அதைத்தான் யோசிச்சேன். அம்சவேணிகிட்டயும் சொன்னேன். அது கையில இருந்த டீ டம்ளரைக் கீழ வச்சுச்சு. அப்புறம், "சார், புது யூனிட்டு தீபாவளிக்கு முன்னாடியே தொறந்துட்டாங்க. எங்க சித்தி மருமவ அங்கதான் வேலை செய்யுது. டைம் ஆபீசுல ஒரு பொண்ணு உக்காந்திருக்காம், கம்ப்யூட்டர் படிச்சது"ன்னுச்சு.

தற்காலிகமா போட்டிருப்பாங்கன்னு சொன்னேன். அம்சவேணி சரிங்க சார்னுச்சு. புருஷன் வாயோரம் ஒழுகினதைத் துடைக்க எழுந்து போச்சு.

நேத்து ராத்திரி பூரா, தற்காலிகமாத்தான் இருக்கும், தற்காலிகமாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டே படுத்திருந்தேன். காலையில ஷேவ் பண்ணிட்டு இருக்கும்போது ஃபோன், ராத்திரி சார்ஜ்ல போட மறந்து, அணைஞ்சு போயிருந்துச்சு. பாத்தேன். சார்ஜ்ல போடல. ஏன்னு தெரியல, அப்படியே எடுத்துப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

அதோ, ஜன்னல் வழியா பாருங்க, சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட பச்சைச் சேலை. அதுதான் அம்சவேணி. தனபாலைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்குது. உள்ள வாம்மான்னேன், நீங்க முடிச்சுட்டு வாங்க சார்னுச்சு. இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினா அது படிக்காது. நான் எழுதினதை அது ஒருநாளும் படிச்சுப் பாத்ததே இல்ல.

முப்பத்தஞ்சு கூப்பிடறாங்க. அடுத்தது நீங்க. போறதுக்கு முன்னாடி அந்தப் பேனாவைக் கொடுங்கண்ணா. இதுவா? போதும், இது போதும். என் பாக்கெட்ல இருக்கிறது அவரு கொடுத்தது. அவரு கொடுத்த பேனாவால அவரு பேரையே எழுதுறது மனுஷனுக்கு அழகில்ல.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பெஞ்சு ஆடுது.

பு ரு ஷோ த் த ம ன். மனிதவள மேலாளர்.

பாருங்க, சரியா இருக்குதா? எழுத்து நல்லாத்தான் வந்திருக்குது. கை நடுங்கும்னு நெனச்சுத்தான் நாலு நாள் தள்ளிப் போட்டேன். நடுங்கல. அன்னிக்குக் கான்டீன்ல உக்காந்து அத்தனையும் எழுதினப்பவும் நடுங்கல.